வாசலில் நின்ற புத்தகம்

ரயில் ஹப்புத்தளையைத் தாண்டியதும் மேகம் ஒன்று சன்னல் வழியாக உள்ளே வந்து எதிரே இருந்த அம்மாளின் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்தது. அந்த அம்மாள் அதைக் கையால் விரட்டிவிட்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லி, பாதி ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பக்கத்திலிருந்த பையன் மொழிபெயர்த்தான். "குளிருக்குச் சட்டை போடாம வந்த ஆளு, வயித்தையாச்சும் மூடிக்கட்டும்னு சொல்றாங்க."

தேங்காய் போட்ட கனமான ரொட்டி. நடுவில் மிளகாய்ச் சம்பல். இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாள் சிரித்தார். திருச்சியில் வெயிலில் காய்ந்தவனுக்கு இந்தக் குளிரும் இந்தக் காரமும் சேர்ந்து வந்தபோது, உடம்பு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தது.

நான் எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்களோடும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களோடும் சில நாள் கூடவே இருந்து, அவர்கள் பள்ளியை நடத்தும் விதத்தை அவர்களுக்கே எடுத்துக் காட்டுவது என் தொழில். பெரிய படிப்பு எதுவும் இல்லை. திருச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தவன். பதினாறு வருஷத்தில் ஏழு தலைமையாசிரியர்களைப் பார்த்தேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கதவோரம் நின்றே கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நண்பர் இழுத்துவிட்டார். கையில் இரண்டு நோட்டு வைத்திருப்பேன். ஒன்று தொழிலுக்கு. மற்றது ஜனங்கள் சொல்லும் சொல்லை எழுதி வைக்க. இரண்டாவதுதான் சீக்கிரம் நிறையும்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு விதி: சொல்லாதே, கேள். இலங்கையின் மலைநகரமான பதுளையில் அதைத்தான் முதல் வேலையாக மீறினேன்.

ஞாயிறு மாலை ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக வந்தவர், "அதிபர் உங்களைப் பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். எங்கள் ஊரில் அதிபர் என்றால் மில் வைத்திருப்பவர், இல்லாவிட்டால் ஏதாவது நாட்டுக்குத் தலைவர். நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். இங்கே பள்ளித் தலைமைக்குத்தான் அந்தப் பேர். அழைக்க வந்தவர் நவாஸ், அந்த நகரத்துத் தமிழ்ப் பள்ளியின் பிரதி அதிபர், அதாவது இரண்டாவது நாற்காலி. கடைத்தெரு நெடுக யாரைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார். காய்கறிக்காரரிடம், "என்ன நானா, கோவா இன்னைக்கும் குடியிருக்குதா?" என்றார். நானா என்றால் அண்ணன், கோவா என்றால் முட்டைக்கோசு; அது விற்காமல் கிடக்கிறதாம். இப்படிப்பட்ட வாய் இரண்டாவது நாற்காலியில் இருந்தால் பள்ளி கலகலவென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்த நினைப்பு போயிற்று.

அதிபர் செல்வராணி டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர், அதாவது தேயிலைத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். "உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்கதான் சேர் நாங்க. கப்பல் ஏத்திவிட்டுட்டு நீங்க மறந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்று வரவேற்றார். எங்கள் ஊர் 'சார்' இங்கே 'சேர்' ஆகிவிடுகிறது. அந்தக் குத்தலுக்கு நான் பதில் தேடுவதற்குள் இடியாப்பமும் சொதியும் வந்துவிட்டன. வாயில் இடியாப்பம் இருப்பவன் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய அறையில் பகுதித் தலைவர்களின் கூட்டம். நான் மூலையில் உட்கார்ந்து, யார் வாய் திறந்தாலும் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். டீச்சர் நின்றுகொண்டே பேசினார். யார் யாருக்கு என்ன வேலை என்று பட்டியலைப் படித்தார். நவாஸ் சேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வகுப்புகளுக்குப் பொறுப்பான கமலா டீச்சர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கணித ஆசிரியர் ரவி தலையாட்டினார். முக்கால் மணி நேரம். டீச்சரின் பெயருக்கு நேரே புள்ளிகள் எறும்புச் சாரையாகப் போயின. மற்ற எல்லோருக்கும் சேர்த்து நாலு. நாலும் "சரி டீச்சர்."

எல்லோரும் போன பிறகு டீச்சர் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்துலருந்து வர்றாங்க சேர். உயர்தரக் கணித வகுப்பை, உங்க ஊர் பிளஸ் டூ மாதிரி, அதைப் பாக்க. ஒன்பது புள்ளைங்க. ஒன்பதும் ஒழுங்கா வந்து படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா வகுப்பு இருக்கும். இல்லேன்னா மூடிடுவாங்க. புள்ளைங்க கலைப் பாடத்துக்கு மாறணும், இல்ல வீட்டுல நிக்கணும்."

"ஒன்பது பேருக்கு இவ்வளவு பாடா?"

"நான் படிக்கிறப்ப எனக்குக் கணக்குதான் சேர் பிடிச்சது. தமிழ்ல கணித வகுப்பு இந்த டவுன்ல இல்ல. கலைக்குப் போனேன். அதிபரான நாள்லருந்து இந்த வகுப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்." சன்னல் வழியாக மலைப் பக்கம் கை காட்டினார். "ஆறு பேர் எங்க பக்கத்துத் தோட்டங்கள்லருந்து வர்றவங்க."

இந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆறு பேர் எப்படி வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. திருச்சியில் ஒரு தலைமையாசிரியை காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றதையும், ஒரே மாதத்தில் பள்ளியின் முகமே மாறியதையும் சுவையாக எடுத்துச் சொன்னேன். பேச்சுக்காரனுக்குக் கதை வந்துவிட்டால் விதியெல்லாம் எங்கே நிற்கும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கே செய்றேன் சேர்."

செவ்வாய்க்கிழமை மழைத் தூறல். ஏழு மணிக்கே டீச்சர் வாசலில் நின்றார். ஒரு கையில் குடை, மறு கையில் நீளமான ஒரு நோட்டு. பெயர் தெரியாத பிள்ளைகளை நிறுத்திக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லோரும் முன்வாசல் வழியாகவே வரட்டும் என்று பக்கத்துச் சிறு கதவைப் பூட்டச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்று மத்தியானம் கடைத்தெருவில் கொத்து ரொட்டி கொத்தும் தாளத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

கணித வகுப்பில் அன்று மூன்று பேர்தான் என்று ரவி சொன்னார். "பசறை ரோட்டுல மண்ணு விழுந்திருக்கும்" என்றார். மலையில் வாழ்கிறவர்களுக்கு மண்சரிவு நமக்குப் பவர்கட் மாதிரி. யாரும் மேலே யோசிக்கவில்லை. நானும்தான்.

புதன்கிழமை என் செருப்பு என்னைக் காப்பாற்றியது. பள்ளிக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வார் அறுந்துபோயிற்று. தைக்கிறவர் அரை மணி நேரம் ஆகும் என்றார். எதிரே ஜெமீல் நானாவின் தேத்தண்ணிக் கடை. வெறுங்காலோடு போய் உட்கார்ந்தேன். பால் இல்லாத தேநீருக்கு இங்கே பிளேன்டீ என்று பெயர். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். உலகத்துக்குத் தேயிலை அனுப்புகிற மலையில் ஜனங்கள் குடிப்பது சலித்து மிஞ்சிய தூள். நானாவிடம் அதைச் சொன்னேன். "நகைக்கடைக்காரன் பொண்டாட்டி கழுத்தைப் பாத்திருக்கீங்களா சேர்? அதுதான் இதுவும்" என்றார். இரண்டாவது நோட்டை எடுத்து எழுதினேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோது பின் பெஞ்சில் வெள்ளைச் சீருடையில் ஆறு பிள்ளைகள். மணி எட்டேகால். பள்ளி தொடங்குவது ஏழரைக்கு. நடுவில் இருந்த பெண்ணின் மடியில் கணிதப் புத்தகம் திறந்து கிடந்தது.

"பள்ளிக்கூடம் போகலையாம்மா?"

"பிந்திருச்சு சேர்." அவள் எழுந்து நின்றாள். பெயர் தர்ஷினி.

"யாரு திருப்பி அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நாங்களாத்தான் திரும்பிட்டோம்."

"ஏன்?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒரு பையன் மெல்லச் சொன்னான். "கேட்டுல அதிபர் புத்தகத்தோட நிக்கிறாங்க சேர்."

எனக்குப் புரியவில்லை. நானா பிளேன்டீ ஆற்றுவதை நிறுத்தாமலே விளக்கினார். "தோட்டத்துல விடியக்காலை பெரட்டு வெப்பாங்க சேர். வேலைக்குப் போற ஆளெல்லாம் ஒரு இடத்துல கூடி நிக்கணும். கணக்குப்பிள்ளை புத்தகத்தோட நிப்பாரு. பேரு கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்குன்னு பிரிச்சு விடுவாரு. பிந்தி வந்தா அன்னைக்கு வேலை இல்ல. திரும்ப வேண்டியதுதான். இந்தப் புள்ளையள் பொறந்ததுலருந்து அதைப் பாத்துக்கிட்டு ஈக்கி." நம் 'இருக்கு' நானாவின் வாயில் 'ஈக்கி'.

"அதுக்கு? வாசல் வரைக்கும் போய்ச் சொல்லலாம்ல, பஸ் பிந்திருச்சுன்னு?"

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எங்கம்மா சொல்லும் சேர். பிந்திட்டா நின்னு கெஞ்சக் கூடாது. தொறந்த புத்தகத்தைக் கண்டா, கூப்பிட்டுத் திட்டறதுக்கு முன்னால திரும்பிடணும். வேலை போனாப் போகுது, மானம் போகக் கூடாதுன்னு."

முன்பெல்லாம் சிறு கதவு வழியாக நுழைந்து நேரே வகுப்புக்குப் போய்விடுவார்களாம். ரவி சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம், இவர்கள் உட்காரும் வரைக்கும். பஸ் என்றைக்குமே எட்டு மணிக்கு முன்னால் வந்ததில்லை.

"பாத்தீங்களா சேர்" என்றார் நானா. "ரெண்டு நாளா எனக்குப் பெஞ்சு நிறைஞ்சு ஈக்கி. காசும் வாங்க மனசு வரல்ல, எழுப்பவும் மனசு வரல்ல."

தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஏறினேன். சின்ன மேடுதான். அன்றைக்கு அது நீண்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். காலை விட்டது நான், முழுகுவது ஆறு பிள்ளைகள்.

வாசலில் முதலில் நவாஸ் சேர்தான் அகப்பட்டார். சொன்னேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"நேத்தே கண்டேன் சேர். மூலை வரைக்கும் வந்து திரும்பினாங்க."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே சேர்" என்றார். குத்தலாக இல்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

டீச்சரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். யோசனை என்னுடையது, தப்பும் என்னுடையது என்றேன். அவர் அந்த நீள நோட்டை மேசையில் வைத்து, திறக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு மறந்துடக் கூடாதுன்னுதான் சேர் எழுதினேன்" என்றார்.

பிறகு என்னிடம் இல்லாமல் சன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னார். "என்னை டவுன் பள்ளிக்கூடத்துல சேக்குற விஷயமா எங்கம்மா ஒரு நாள் காலைல தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போய், விண்ணப்பப் பாரம் ஒண்ணை நிரப்பி வாங்கிட்டு ஓடிவந்துச்சு. பெரட்டு முடிஞ்சிருச்சு. கணக்குப்பிள்ளை ஒண்ணும் சொல்லல. தலையைக்கூடத் தூக்கல. அம்மா அப்படியே திரும்பி வந்து, கூடையைக் கழட்டாம லயத்து வாசப்படியில உக்காந்திருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்தேன். அழலையாம்மா நீன்னு கேட்டேன். எதுக்கு அழணும், நீ போகப் போறீல்லன்னுச்சு."

கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் படியிலருந்து வந்தவ சேர் நான். என்னைக் கண்டு புள்ளைங்க திரும்பிப் போகுது."

என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் நிறைய உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு என் பழைய விதிக்குத் திரும்பினேன். "டீச்சர், இதை நான் உங்ககிட்ட சொன்னேன். உங்க ஆளுங்க ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த மணியை அடித்து எல்லோரையும் வரச் சொன்னார்.

அன்று அவர் நிற்கவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுத்து எல்லோருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். பட்டியல் இல்லை. "நான் வாசல்ல நிக்கிறதுனால என்ன நடக்குது? எனக்குத் தெரியல. சொல்லுங்க" என்றார்.

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. டீச்சர் விடவில்லை. அந்த மௌனத்தில் பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருடைய விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

கடைசியில் கமலா டீச்சர் பேனா மூடியை மூடினார். "சின்னக் கதவைப் பூட்டச் சொன்னதும் நீங்கதான் டீச்சர். அதையும் சேத்துச் சொல்லிடறேன். கோவிச்சாலும் பரவாயில்ல."

"கோவிக்கல."

"அப்ப இன்னும் இருக்கு" என்றார் கமலா டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அடைத்திருந்த வாய்க்கால் அத்தோடு திறந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கணிதப் பாடத்தை மூன்றாவது பாடவேளைக்குத் தள்ளலாம் என்று ரவி நேர அட்டவணையையே மடியில் விரித்துவிட்டார். போன தவணையே வரைந்து வைத்ததாம். வாசலில் நிற்பது நல்லதுதான், புத்தகம்தான் கெட்டது என்றார் நவாஸ் சேர்.

"ஆனா புள்ளைங்களுக்கு யாரு சொல்றது? நாளைக்கும் வர மாட்டாங்க" என்றார் ரவி. "கடுதாசி குடுத்தனுப்பலாமா?"

"கடுதாசியும் புத்தகத்தோட தம்பிதானே" என்றார் நவாஸ் சேர். "ஆளு போகணும்." கொஞ்சம் தயங்கினார். "டீச்சரே போனா?"

என் தாளில் அன்று டீச்சருக்கு ஒன்பது புள்ளி. நவாஸ் சேருக்கு வைத்து முடியவில்லை.

வியாழன் மத்தியானம் நானும் டீச்சரும் மடுல்சீமை பஸ்ஸில் ஏறினோம். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குக் கண்டக்டர், "அது கல்யாண மாப்பிள்ளை மாதிரிங்க. தாலி கட்டுறதுக்குள்ள வந்துருவாரு" என்றார். பசறைக்கு மேலே பாதை கயிற்றைச் சுருட்டிப் போட்டதுபோல இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தின் பாதி ஆகாயத்தில். நான் முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பின்னால் இரண்டு சிங்களப் பெண்கள் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "மாமா அந்தக் கம்பியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாம விட மாட்டாரு போலிருக்குன்னு."

இறங்கியபோது கொழுந்தை எடை போட்டு முடித்துப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தர்ஷினியின் அம்மா முத்துலெச்சுமி டீச்சரைக் கண்டதும் தலையில் கட்டிய துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். லயத்து வாசலில் உட்காரச் சொல்லி ரொட்டி சுட்டார். அடுப்புப் புகையும் சம்பல் அரைக்கும் மணமும். பக்கத்து வாசல்களிலிருந்தும், சேதி கேட்டு அடுத்த தோட்டங்களிலிருந்தும் மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள்.

"அக்கா, நாளைக்குப் புள்ளைய அனுப்புங்க. பிந்தினாலும் அனுப்புங்க" என்றார் டீச்சர்.

"பிந்தினா ஏசுவீங்களா?"

"ஏச மாட்டேன்."

"இங்க உக்காந்து அப்பிடித்தான் சொல்லுவீங்க. மழை பேஞ்சா மண்ணு சரியும். பஸ்ஸு நிக்கும். அங்க கேட்டுல நிக்கையில என்ன நெனப்பு வருமோ."

"நாளைக்கு நான் கேட்டுல இருக்க மாட்டேன் அக்கா. பஸ்ஸுல இருப்பேன், இவங்களோட."

முத்துலெச்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தா, கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுச் சம்பல் திங்கிறாரே, அவரு யாரு? பெரிய கங்காணியா?"

"இல்லக்கா. இந்தியாவுலருந்து வந்திருக்காரு. எனக்குப் பாடம் சொல்ல."

"டீச்சருக்கே டீச்சரா? அப்ப அவருக்கு யாரு டீச்சர்?"

"உங்க மக" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு இன்னொரு ரொட்டி வைத்தார்.

அன்று டீச்சரின் சித்தி மகன் வீட்டில் தங்கினோம். வெள்ளிக்கிழமை அஞ்சேகால் பஸ். இருட்டும் பனியும் ஒன்றாக இருந்தன. ஆறு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். முத்துலெச்சுமி பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் சந்தி வரைக்கும் வந்து, மகளை ஏற்றிவிட்டு, டீச்சர் உள்ளே இருக்கிறாரா என்று சன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் போனார்.

பசறைக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றது. பாதையில் மண். பெரிய சரிவு இல்லை, ஆனால் நடுவில் ஒரு கல் ஆடு மாதிரி படுத்திருந்தது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் கல்லைத் தள்ள, பெண்கள் மண்ணைக் காலால் ஒதுக்கினார்கள். டீச்சரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கைபேசியில் சிக்னல் இல்லை. எட்டு மணிக்கு அதிகாரி வருவார். டீச்சர் மணியைப் பார்ப்பதும் கல்லைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு முறை என்னிடம், "இன்னைக்குன்னு பாத்து" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தர்ஷினி பக்கத்தில் இருந்தாள்.

பஸ் மறுபடி கிளம்பி ஒரு வளைவு திரும்பியதும் கைபேசி அடித்தது. நவாஸ் சேர். எனக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசினார். "டீச்சர், அவர் வந்துட்டாரு. வகுப்புல மூணு பேரு. என்ன செய்யட்டும்?"

பட்டியல் படிக்கிற பழைய குரல் டீச்சரின் தொண்டை வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். விழுங்கினார். "நீங்களும் கமலாவும் முடிவு பண்ணுங்க சேர். எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "சரி டீச்சர்." அதே சொல்தான். திங்கட்கிழமை கேட்ட "சரி" இல்லை.

எட்டே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினோம். மூலை திரும்பியதும் பிள்ளைகளின் கால்கள் நின்றுவிட்டன. வாசலில் நவாஸ் சேர் வெறுங்கையோடு நின்றார். பக்கத்தில் கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக இன்னொருவர். அவர் கையில் ஒரு புத்தகம். திறந்திருந்தது.

"டீச்சர், திரும்பிடலாமா?" என்றாள் தர்ஷினி.

செல்வராணி டீச்சரும் நின்றிருந்தார். புடவை முழங்கால் வரைக்கும் சேறு. தன் பள்ளி வாசலை, பிந்தி வந்த ஆளாக, அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பிறகு அவர் தர்ஷினியின் கையைப் பிடித்தார்.

"நானும்தான் பிந்திட்டேன். நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க."

போனார்கள். நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அந்த அதிகாரி டீச்சரின் காலைப் பார்த்தார், பிள்ளைகளின் காலைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார். நவாஸ் சேர் தமிழில் சொன்னார். "எத்தனை மணிக்கு வீட்டை விட்டீங்கன்னு கேக்குறாரு."

டீச்சர் வாய் திறப்பதற்குள் தர்ஷினி சொன்னாள். "அஞ்சு மணிக்கு சேர். தினமும்."

அவர் புத்தகத்தை மூடினார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். முதலில் பாடம், எழுத்து அப்புறம் என்று சொன்னதாக நவாஸ் சேர் சொன்னார்.

வகுப்பில் ஒன்பது மேசைகள் போட்டிருந்தன. ஆள் இல்லாத ஆறு மேசைகளிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை. கமலா டீச்சரின் வேலை. அதிகாரியிடம் எதையும் மறைக்க வேண்டாம், வாசலுக்கே அழைத்துப்போய், பிள்ளைகள் வருகிற கோலத்தை அவரே பார்க்கட்டும் என்றது நவாஸ் சேர். கணிதம் மூன்றாவது பாடவேளைக்கு மாறியிருந்தது. ரவி சேர் இம்முறை கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கவில்லை. பிள்ளைகள் உட்காரும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதிகாரி கடைசிப் பெஞ்சில் முழுப் பாடமும் இருந்தார். நடுவில் தர்ஷினி பலகைக்குப் போய் ஒரு கணக்கைப் போட்டாள். மணி அடித்ததும் அவர் எழுந்து, புத்தகத்தைத் திறந்து ஒரே வரி எழுதினார். டீச்சரிடம் தமிழில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"நடத்துங்க."

டீச்சர் தலையசைத்தார். அதிகாரி போன பிறகு தன் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் வாசற்படியில் உட்கார்ந்தார். கமலா டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நவாஸ் சேர் இடமில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் தாளையும் புள்ளியையும் மடித்துப் பையில் வைத்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஜெமீல் நானாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பிளேன்டீ வைத்தார், கருப்பட்டியும். காசு நீட்டியதும் கையைத் தள்ளினார். கடைசியாக ஒரு சொல் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று இரண்டாவது நோட்டை எடுத்தேன்.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தார். அங்கே பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"எழுத என்ன ஈக்கி சேர். யாவாரம் இல்லாத பெஞ்சு இப்படி அழகா ஈக்கிறதை நான் இன்னைக்குத்தான் காண்றேன்."